லேபர் கேம்ப் டீப் கிளீனிங்: சுத்தத்துக்கு முழு மார்க், கெமிக்கலுக்குப் பாதி மார்க்

துபாய் அல் கூஸ் பக்கம் இருக்கிற எங்கள் கேம்ப்பை, இந்த வருடம் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வெளிக் கம்பெனியை வைத்து டீப் கிளீனிங் செய்தோம். சுமார் 600 பேர் தங்குகிற இடம், நான்கு பிளாக், ஒரு பொது மெஸ், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகள், பின்பக்கம் கிச்சன் கழிவு எண்ணெய் தேங்குகிற கிரீஸ் ட்ராப். நான் சேஃப்டி ஆள். கோட்டேஷன் வாங்கியதிலிருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் கேம்ப்பை நிர்வகிக்கிற கேம்ப் பாஸோடு கூடவே நின்றேன். மற்ற கேம்ப்களில் இருக்கிற நம் ஆட்கள் எப்படி இருந்தது, கூப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. நான் பார்த்த குறைகள் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவை இல்லை, இந்தத் தொழிலில் நிறையப் பேர் இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள், பெயரைப் போட்டால் இவர்களை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டு அதே குறையோடு வேலை வாங்கிவிடுவோம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சுத்தம் என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பாத்ரூம் டைல்ஸில் வருடக்கணக்காக ஏறியிருந்த உப்புக்கறை போயிருக்கிறது, மெஸ் கிச்சனில் புகைப்போக்கியைத் தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டவில்லை, கட்டில் இடுக்குகள் வரைக்கும் துடைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுத்தத்தைக் கொண்டுவந்த கெமிக்கல்களை அவர்கள் கையாண்ட விதத்துக்குப் பாதி மார்க்தான் கொடுப்பேன். அந்தப் பாதியும் சொன்னதும் திருத்திக்கொண்டதால்.

கேம்ப் டீப் கிளீனிங்கை ஆபீஸ், வில்லா, மால் கிளீனிங் மாதிரி நினைத்துக்கொண்டு வருகிற கம்பெனிகள்தான் அதிகம். ஆபீஸை இரவில் காலி செய்துவிடலாம், வில்லாவில் வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பிவிடலாம். கேம்ப் எப்போதும் காலியாகாது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் காலை எட்டு மணிக்குப் படுத்தால் மதியம் மூன்று மணி வரைக்கும் தூங்குவார். கிளீனிங் ஆட்கள் வந்து இறங்குவதும் சரியாக அதே நேரம்தான். ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று 2009-ல் வந்த அமைச்சரவை முடிவு சொல்கிறது, அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிற அறையில்கூட இரண்டடுக்குக் கட்டில், மூடிய ஜன்னல், ஓடுகிற ஏசி, கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி என்றுதான் இருக்கும். காரிடாரில் அடித்த ஸ்ப்ரே அந்த இடைவெளி வழியாக உள்ளே போய்விடும். குளோரின் மாதிரி வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு தரையாகத்தான் பரவும், முதலில் போய்ச் சேர்வது கீழ்க் கட்டிலில் தூங்குகிறவரின் மூக்குக்கு. அதனால் இந்த வேலைக்கு எந்தக் கம்பெனி வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த அறையில் யார் எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று கேட்டீர்களா? இவர்கள் கேட்கவில்லை. நாங்களே ஷிஃப்ட் லிஸ்டை எடுத்து, பிளாக் வாரியாக எந்த அறைகளை எப்போது தரலாம் என்று எழுதிக் கொடுத்தோம். நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு மட்டும் தற்காலிகமாக டி பிளாக்கில் காலி அறைகளை ஒதுக்கினோம். அதற்குப் பிறகு அவர்களுடைய சூப்பர்வைசர் அந்த லிஸ்டை ஒழுங்காகப் பின்பற்றினார், அதைச் சொல்லியாக வேண்டும்.

கோட்டேஷன் கட்டத்தில் மூன்று கம்பெனிகள் பேப்பர் அனுப்பின. ஒன்றின் ரிஸ்க் அசெஸ்மென்ட்டில் எங்கள் கேம்ப் பெயருக்குக் கீழேயே "ஷாப்பிங் செய்ய வருகிறவர்கள் வழுக்கி விழாமல் பலகை வைக்கப்படும்" என்று இருந்தது. ஏதோ மாலுக்குப் போட்டதை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள், அதை அன்றைக்கே ஒதுக்கிவிட்டோம். நாங்கள் எடுத்த கம்பெனியின் பேப்பர் பரவாயில்லை, கெமிக்கல் லிஸ்ட் தெளிவாக இருந்தது: தரைக்கு நியூட்ரல் டிடர்ஜென்ட், பாத்ரூம் கறைக்கு ஆசிட் டீஸ்கேலர், கிருமிக்கு சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்), கிச்சன் எண்ணெய்க்குக் காஸ்டிக் டிகிரீசர், கதவுப்பிடி, ஸ்விட்ச் மாதிரி இடங்களுக்கு குவாட் என்கிற அமோனியம் வகை டிஸ்இன்ஃபெக்டன்ட் (கிருமிநாசினி). ஒவ்வொன்றுக்கும் எம்எஸ்டிஎஸ், அதாவது அந்தக் கெமிக்கலின் பாதுகாப்புத் தகவல் தாள், இணைத்திருந்தார்கள். அந்தத் தாளில் 16 பகுதிகள் இருக்கும், எல்லாவற்றையும் யாரும் படிக்கப்போவதில்லை, சரி. ஆனால் நாலு பகுதியையாவது படித்துவிடுங்கள்: ஆபத்து என்ன என்று சொல்கிற 2, முதலுதவி சொல்கிற 4, கையுறை, மாஸ்க் எது என்று சொல்கிற 8, எதோடு சேரக்கூடாது என்று சொல்கிற 10. நான் அப்படிப் படிக்கும்போதுதான் டீஸ்கேலருக்குக் கொடுத்திருந்த தாள் வேறொரு கம்பெனி தயாரிப்பினுடையது என்று தெரிந்தது. கேனில் இருக்கிற பெயர் ஒன்று, தாளில் இருக்கிற பெயர் ஒன்று. ஆசிட்டின் அளவும் வேறு. கேட்டதற்கு "ரெண்டும் ஒண்ணுதான் சார், சப்ளையர் மாத்திட்டாங்க" என்று பதில் வந்தது. கண்ணில் பட்டு ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் டாக்டர் கேட்கப்போவது இந்தத் தாளைத்தான், அவர் கையில் வேறு பொருளின் தாளைக் கொடுத்து என்ன செய்வது? சரியான தாள் வந்த பிறகுதான் அந்தக் கேனை கேட்டுக்குள் விட்டோம்.

பாத்ரூம் வேலைக்கு அவர்கள் போட்டிருந்த திட்டம் நல்ல திட்டம். முதல் நாள் ஆசிட் டீஸ்கேலர், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவது, மறுநாள்தான் ஹைப்போகுளோரைட். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் இரண்டையும் ஒரே ட்ராலியில்கூட வைக்கவில்லை. துணிகளுக்கும் நிறம் பிரித்திருந்தார்கள், டாய்லெட்டுக்குச் சிவப்பு, கிச்சனுக்குப் பச்சை, அறைகளுக்கு நீலம். இதெல்லாம் இருந்தும் சி பிளாக்கில் வாயு வந்துவிட்டது. காரணம் கம்பெனியின் கேன் இல்லை. டீப் கிளீனிங்குக்குப் பிறகு மேனேஜ்மென்ட் இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது என்று கேள்விப்பட்ட பையன்கள், நம் பங்குக்கு நாமும் செய்வோம் என்று முந்தின இரவே சொந்தமாக ஹார்பிக் வாங்கி இரண்டு டாய்லெட்டில் ஊற்றி ஊற விட்டிருக்கிறார்கள். அது ஆசிட். மறுநாள் காலையில் பிளீச்சோடு வந்த கிளீனர், இது நேற்றே ஆசிட் போட்டுக் கழுவின டாய்லெட் என்று நம்பி ஊற்றியிருக்கிறார். ஊற்றின சில நொடியில் மூச்சு அடைத்துக் கண்ணெல்லாம் எரிந்து இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்.

அடுத்து நடந்தது சரியாக நடந்தது. சூப்பர்வைசர் உள்ளே யாரையும் விடவில்லை, கதவை மூடிவிட்டு வெளிப்பக்க ஜன்னல்களைத் திறந்தார், எக்ஸாஸ்ட்டை ஓட விட்டார், பக்கத்து அறைகளைத் தட்டி எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பினார். அந்தக் கிளீனரை நாங்கள் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே போகும்போதே அவர் "இப்ப நல்லாயிருக்கு, வேலைக்குப் போறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். குளோரின் விஷயத்தில் அப்படி விடக்கூடாது. நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம், அதனால் டாக்டர் அவரைச் சாயங்காலம் வரைக்கும் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார். ஆள் நன்றாக இருக்கிறார்.

இதில் நான் கம்பெனி மேல் வைக்கிற குறை இதுதான்: கேம்ப்பில் இருக்கிறவர்களிடம் சொந்தக் கெமிக்கல் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. எந்த கேம்ப் பாத்ரூமிலும் வாஷ்பேசினுக்குக் கீழே பார்த்தால் ஒரு ஹார்பிக், ஒரு க்ளோராக்ஸ் பிளீச், பெயர் தெரியாத ஒரு பினாயில், கரப்பான் ஸ்ப்ரே எல்லாம் இருக்கும். வேலை தொடங்குவதற்கு முன்னால் அதையெல்லாம் ஒரு பெட்டியில் எடுத்து கேம்ப் பாஸ் அறையில் வைத்துவிட்டு, முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மீதி பிளாக்குகளில் அப்படித்தான் செய்தோம், அள்ளி வந்ததைப் பார்த்தால் ஒரு சின்ன பக்காலாவே (மளிகைக் கடையே) வைக்கலாம் போல இருந்தது.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்தியது. பி பிளாக் பாத்ரூம் ஜன்னல் கட்டையில் ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டிருந்தது. உள்ளே தண்ணீர் மாதிரியே தெளிவாக ஏதோ. பக்கத்திலேயே, ஒரு சாண் தூரம்கூட இருக்காது, அதே பிராண்டில் கிளீனர்கள் குடிக்கிற பாட்டில்கள் மூன்று. ஓட்டை போட்டதை எடுத்து மூடியை லேசாகத் திறந்தேன், மூக்கில் சுர்ரென்று ஏறியது, டீஸ்கேலர். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது இராமநாதபுரம் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். "இதை யாருப்பா இதுல ஊத்துனது?" என்றேன். "ஸ்ப்ரே பாட்டில் பத்தலண்ணே, பெரிய கேனைத் தூக்கிட்டு மாடி ஏற முடியாதுல்ல, எல்லா சைட்டுலயும் இப்படித்தான் தருவாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஏசி இல்லாத பாத்ரூமில், ஏப்ரல் வெயிலில், கையுறையோடு தேய்த்துக்கொண்டிருக்கிறவன் தாகத்தில் கை நீட்டி எடுக்கிற பாட்டில் எதுவாக இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஓட்டை போட்ட மூடி அந்த நேரத்தில் கண்ணில் படுமா?

அங்கேயே வேலையை நிறுத்தினோம். எல்லா பிளாக்கிலும் தேடி அந்த மாதிரி பாட்டில்களையெல்லாம் எடுத்தோம். சிறிய பாட்டிலுக்கு மாற்றினால் அதன் மேலும் பொருளின் பெயரும் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கிற ஆபத்துப் படமும் ஒட்டியிருக்க வேண்டும், குடிக்கிற பாட்டிலைக் கெமிக்கலுக்குத் தொடவே கூடாது. கம்பெனி மேனேஜரை நேரில் வரச் சொல்லிப் பேசினோம். அன்று சாயங்காலமே புது ஸ்ப்ரே பாட்டில்கள் வந்தன, நிறம் நிறமாக, ஒவ்வொன்றிலும் தமிழ், இந்தி, வங்காளம், நேபாளி என்று நாலு மொழியில் பெயரும் "குடிக்காதே" என்பதும் அச்சடித்து ஒட்டியிருந்தது. இவ்வளவு சீக்கிரம் செய்ய முடிகிறதென்றால் முதல் நாளே செய்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் திருத்தச் சொன்னதும் தட்டிக்கழிக்கவில்லை, அதற்கு மார்க் உண்டு.

கரைசல் கலக்குகிற கணக்கும் இப்படித்தான். 5 சதவீத ஹைப்போகுளோரைட்டில் ஒரு பங்குக்கு மொத்தம் 50 பங்கு வருகிற மாதிரி தண்ணீர் சேர்த்தால் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு), பாத்ரூமுக்கு அது போதும். அளவுக் குவளை கேட்டால் காட்டுகிறார்கள், புதுசாகவே இருக்கிறது, ஆனால் பக்கெட் பக்கத்தில் நின்று பார்த்தால் "ரெண்டு மூடி, மூணு மூடி" கணக்குதான். அப்புறம் பிளீச் கேன்களை பிக்கப்பில் வெயிலிலேயே விட்டுவிட்டார்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் ஹைப்போகுளோரைட்டின் வீரியம் குறைந்துகொண்டே போகும், வாசனை வரவில்லையே என்று ஆட்கள் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள், மறுநாள் புதுக் கேன் வரும்போதும் அதே அளவில் ஊற்றுவார்கள். இன்னொன்று, அழுக்கு மேலேயே டிஸ்இன்ஃபெக்டன்ட் அடித்தால் அது அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, அப்புறம் மருந்து போட்டு, குறைந்தது அதன் லேபிளில் சொன்ன நிமிடங்கள் ஈரமாகவே விட வேண்டும். சோப்பைச் சரியாகக் கழுவி எடுக்காத இடத்தில் குவாட் போட்டாலும் வேலை செய்யாது. இரண்டாவது பிளாக்கிலிருந்து கேம்ப் பாஸ் ஒருவரை பக்கெட் கலக்குகிற இடத்திலேயே உட்கார வைத்துவிட்டார், அதற்குப் பிறகு சரியாகப் போனது.

மாஸ்க் விஷயத்தில் இன்னும் முன்னேற வேண்டும். எல்லோரும் தூசிக்குப் போடுகிற என்95 போட்டிருந்தார்கள். அது தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் இன்னும் கிட்டே முகத்தைக் கொண்டுபோவார்கள். ஆசிட், பிளீச் வேலைக்கு வாயுவைப் பிடிக்கிற கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். கொண்டுவந்திருந்தார்கள், ஆனால் டீமுக்கு ஒன்றே ஒன்று. ஒருவர் முகத்திலிருந்து கழற்றி அடுத்தவர் முகத்தில் மாட்டுவதைப் பார்த்துவிட்டு மீதிப் பேருக்கும் வரவழைக்கச் சொன்னோம். தாடி வைத்திருப்பவர்களுக்கு அது முகத்தில் ஒட்டாது என்பதையும் யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

மெஸ் கிச்சன் வேலையை மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டி இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லலாம். அதற்கு வந்தது தனி டீம், ஆந்திராக்காரர் ஒருவர் தலைமை. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு கேஸை மெயினில் மூடி, அடுப்பு ஆறும் வரை காத்திருந்து, பாத்திரம், மாவு, அரிசி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, மீதியை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடித்தான் ஆரம்பித்தார்கள். காஸ்டிக் டிகிரீசர் பொல்லாத சாமான். ஆசிட் பட்டால் உடனே எரியும், கையை உதறிவிடுவோம், காஸ்டிக் பட்டால் முதலில் வழுவழுவென்று இருக்கும், வலி தெரிவதற்குள் தோலுக்குள் இறங்கிவிடும். தலைக்கு மேலே இருக்கிற புகைப்போக்கிக்கு அடிக்கும்போது அது திரும்ப முகத்தில்தான் சொட்டும். இவர்கள் முழங்கை வரை வருகிற தடித்த நைட்ரைல் கையுறை, முகத்தை முழுக்க மூடுகிற ஷீல்டு, ஏப்ரன் எல்லாம் போட்டிருந்தார்கள். எப்போதும் தண்ணீரை முதலில் எடுத்து அதில் கெமிக்கலை ஊற்றினார்கள், ஒரு தடவைகூட மாற்றிச் செய்யவில்லை. ஃபில்டர்கள் அலுமினியம் என்று பார்த்ததும் அவற்றைத் தனியாக வைத்து வேறு மிதமான டிகிரீசரில் ஊறப்போட்டார்கள். காஸ்டிக்கில் அலுமினியத்தைப் போட்டால் நுரைத்து ஹைட்ரஜன் வரும், மூடிய கிச்சனில் அது வேண்டாத வேலை. கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு ஹோஸ் பைப்பைத் தயாராக இழுத்து வைத்திருந்தார்கள். கையடக்க ஐவாஷ் பாட்டில் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டுப் போகிற கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன், அந்த பாட்டில் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், மீதி நேரத்துக்கு என்ன செய்வது? காலையில் சமையல்காரர் வருவதற்கு முன்னால் எல்லா மேடைகளையும் மறுபடி கழுவி, பிஎச் பேப்பர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைத்தார்கள்.

மூட்டைப்பூச்சிக்கு வருகிறேன். கேம்ப் டீப் கிளீனிங் என்றாலே ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான். கம்பெனியின் சேல்ஸ் ஆள் "கூடவே ஃபியூமிகேஷன் போட்டுத் தந்துடறோம், நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், கம்மி ரேட்" என்று ஆரம்பித்தார். துபாயில் பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனிக்கு முனிசிபாலிட்டி பெர்மிட் வேண்டும், கிளீனிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அந்த ஆளின் பெர்மிட்டைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. இந்த விஷயத்தில் யார் சொன்னாலும் இரக்கம் காட்டாதீர்கள். இந்த நாட்டில் குடியிருப்புகளுக்குத் தடை செய்யப்பட்ட அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் திருட்டுத்தனமாக வாங்கி ஒரு வீட்டில் வைக்க, ஈரக்காற்று பட்டு அதிலிருந்து கிளம்பிய பாஸ்பீன் வாயு சுவர் இடுக்கு வழியாகவும் ஏசி டக்ட் வழியாகவும் பக்கத்து வீட்டுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளே இறந்திருக்கிறார்கள், ஷார்ஜாவில் நடந்த சம்பவங்களைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. எட்டுப் பேர் படுக்கிற அறைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற கேம்ப்பில் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாங்கள் பெர்மிட் உள்ள தனிக் கம்பெனியை வைத்தோம். மெத்தைகளுக்கும் கட்டில் இடுக்குகளுக்கும் கிளீனிங் கம்பெனியின் ஸ்டீம் மெஷின் நன்றாக வேலை செய்தது. பூச்சிகளும் முட்டைகளும் 50 டிகிரிக்கு மேல் தாங்காது, இன்றைக்கு இருக்கிற மூட்டைப்பூச்சிகளில் நிறைய, வழக்கமான பைரெத்ராய்டு மருந்துக்குப் பழகிவிட்டவை, அதனால் சூடுதான் நம்பகமானது. போர்வை, தலையணை உறைகளை டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட விட்டோம். தப்பின முட்டைகள் பொரித்த பிறகு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று. அதைச் செய்யாமல் பில் கொடுக்கிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவதற்கு கேஸ் மீட்டர் கொண்டுவந்தார்கள், ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்குவதில்லை என்று சொல்லி எழுதியும் வைத்தார்கள், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். நல்லது. அதே ஆட்கள் கிரீஸ் ட்ராப்புக்கு வந்ததும் மீட்டரை மாடியிலேயே விட்டுவிட்டு, மூடியைத் திறந்து, ஒருவர் ஏணியை இறக்கிவிட்டார். நான் போய் ஏணியை மேலே இழுத்துப் போட்டேன். தொட்டியில் நல்ல தண்ணீர் இருந்தது, ட்ராப்பில் அழுகின சோறும் எண்ணெயும் மாதக்கணக்கில் கிடக்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கப்போவது இதில்தான். அழுகின முட்டை வாடை வரும், 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்து அந்த வாடையே தெரியாமல் போய்விடும், வாடை போய்விட்டதே என்று நினைக்கிறபோதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். ஊரில் செப்டிக் டேங்கில் ஒருவர் விழ, அவரைத் தூக்கப் போன இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று அடுத்தடுத்துச் செத்த செய்திகளைப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிற சட்டம் 2013-லேயே வந்தும் அங்கே அந்தச் சாவு நிற்கவில்லை. அதே ஊர்ப் பையன்களை இங்கே கூட்டிவந்து அதே மாதிரி இறக்குவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வெளியே நின்றபடியே டேங்கர் வைத்து உறிஞ்சி, ஹை பிரஷர் தண்ணீரால் கழுவினார்கள். ஆள் இறங்கத் தேவையே இருக்கவில்லை.

இவ்வளவையும் கூடவே நின்று பார்த்த பிறகு எனக்குப் பட்டது, இந்தத் தப்புகளுக்கெல்லாம் அடியில் இருப்பது நேரம்தான். எங்கள் பர்ச்சேஸ் ஆட்கள் உட்பட எல்லாக் கம்பெனியும் அறைக்கு இத்தனை திர்ஹம் என்று ரேட்டை அடித்துக் குறைக்கிறார்கள், கிளீனிங் கம்பெனி ஒரு நாளைக்கு இத்தனை அறை என்று டீம் மேல் டார்கெட் போடுகிறது, டீமில் இருக்கிறவனுக்குப் பிரஷ்ஷால் இருபது நிமிடம் தேய்க்க வேண்டிய கறையை ஐந்து நிமிடத்தில் எடுக்க ஒரே வழி ஸ்ட்ராங் ஆசிட். நேரம் குறையக் குறைய கெமிக்கல் ஏறும், மாஸ்க் மாட்டுகிற நேரமும் போகும், அளவுக் குவளையைத் தேடுகிற நேரமும் போகும். அந்த இராமநாதபுரத்துப் பையனிடம் நான் எவ்வளவு சேஃப்டி பாடம் எடுத்தாலும், மதியத்துக்குள் ஒரு மாடியை முடிக்காவிட்டால் அவனுக்குத் திட்டு விழும் என்றால் அவன் எதைச் செய்வான்? காலையில் வேலைக்கு முன்னால் நடக்கிற சேஃப்டிப் பேச்சு, டூல்பாக்ஸ் டாக், இந்தியில் நடந்தது, டீமில் வங்காளிகளும் நேபாளிகளும் நம் ஆட்களும் இருந்தார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். பாதிப் பேருக்குப் பாதிதான் புரிந்தது என்று பாத்ரூமில் போய்ப் பேசிப் பார்த்தால் தெரிந்தது. இவர்களும் இதே மாதிரி ஒரு கேம்ப்பில்தான் தூங்கி எழுந்து வருகிறார்கள்.

மறுபடி இவர்களைக் கூப்பிடுவோமா என்றால், கூப்பிடுவோம், மேனேஜரோடு உட்கார்ந்து புதுக் கான்ட்ராக்ட்டில் சில வரிகளை எழுதிவிட்டோம். ஒரு நாளைக்கு ஒரு டீம் இத்தனை அறைக்கு மேல் செய்யக் கூடாது என்று உச்ச எண்ணிக்கை போட்டிருக்கிறோம், அதனால் ரேட் கூடியது, பர்ச்சேஸோடு சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கெமிக்கல் எதுவாக இருந்தாலும் கேட்டில் கேனையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே வரும், வேலை முடிந்ததும் மீதி கேன் திரும்பிப் போக வேண்டும், கேம்ப்பில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. லேபிள் இல்லாத பாட்டில் கண்ணில் பட்டால் அன்றைய வேலை நிற்கும். மொட்டை மாடி வேலை ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12:30 முதல் 3 மணி வரை கிடையாது, அது சட்டத்திலேயே இருப்பதுதான், ஆனாலும் எழுதி வைத்தோம். டூல்பாக்ஸ் டாக்கை அவரவர் மொழியில் நடத்த ஆள் தருவதாக அவர்களே சொன்னார்கள், தமிழுக்கு அந்தக் கிச்சன் டீமில் ஒருவர் இருக்கிறாராம். கிரீஸ் ட்ராப்பை இந்தக் கான்ட்ராக்ட்டிலிருந்து எடுத்துவிட்டோம், அதற்கு டேங்கரும் கேஸ் மீட்டரும் சொந்தமாக வைத்திருக்கிற வேறு இரண்டு கம்பெனிகளிடம் கோட்டேஷன் கேட்டிருக்கிறோம்.